சிறார் கதைகளைக் கொண்டு வகுப்பறையில் பாலினச் சமத்துவம் கற்பிப்பது எப்படி

ராபர்ட் மன்ச் எழுதி 1980இல் வெளிவந்த ‘காகிதப் பை இளவரசி’ என்ற படக்கதையில், டிராகன் தூக்கிச் சென்ற இளவரசனை எலிசபெத் என்னும் இளவரசி தன் சாதுரியத்தால் மீட்கிறாள். உடைகளெல்லாம் எரிந்துபோனதால் அவள் ஒரு காகிதப் பையை உடுத்திக்கொண்டு புறப்பட்டவள். மீட்கப்பட்ட இளவரசனோ நன்றி சொல்லாமல் அவளுடைய கோலத்தைக் குறை கூறுகிறான். அவளும் அவனை மணக்காமல் தன் வழியே போய்விடுகிறாள். ஆஸ்திரேலிய ஆய்வாளர் பிரான்வின் டேவிஸ் இத்தகைய கதைகளைப் பள்ளி வயதை எட்டாத குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டி, அவர்கள் சொன்னவற்றை 1989இல் ஒரு நூலாக வெளியிட்டார். குழந்தைகளில் பலர் எலிசபெத்தை நாயகியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அவள் முதலில் குளித்து நல்ல உடை உடுத்தியிருக்க வேண்டும், பிறகு இளவரசனை மணந்திருக்கலாம் என்பதுபோன்ற தீர்ப்புகளும் அவர்களிடமிருந்து வந்தன.

சமத்துவம் பேசும் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டால் மாற்றம் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையை ஆசிரியர் முதலிலேயே கைவிடுவது நல்லது. குழந்தை ஒவ்வொரு கதையையும் தான் முன்பே கேட்ட கதைகளின் துணையோடுதான் கேட்கிறது. புதிய கதை பழைய கதைகளோடு ஒத்துப்போகாதபோது, புதியதையே தன் மனத்துக்குள் திருத்திக்கொள்கிறது. இதில் ஆசிரியருக்கு ஓர் ஆறுதலும் இருக்கிறது. பெண்ணைச் செயலற்றவளாகக் காட்டும் பழங்கதையைக்கூட உரிய கேள்விகளோடு வாசித்தால், அது முற்போக்கான புதுக்கதையைவிட நன்றாகப் பயன்படக்கூடும். எனவே எந்தப் புத்தகம் என்ற கேள்வியைவிட, அதைச் சுற்றி எத்தகைய பேச்சை நிகழ்த்துவது என்ற கேள்விக்கே கூடுதலான தயாரிப்பு தேவை.

இதைத் தொடங்க உயர்வகுப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை. லின் பியன் முதலான ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஐந்து வயதில் சிறுமியரும் சிறுவரும் ஏறத்தாழ ஒரே அளவில் தத்தம் பாலினத்தாரை ‘மிக மிகப் புத்திசாலி’ என்று கருதினர்; ஆறு, ஏழு வயதிலேயே சிறுமியரிடம் அந்த எண்ணம் குறைந்துவிட்டிருந்தது. முதலாம் வகுப்பு ஆசிரியரின் கதைநேரம் இந்த மாற்றம் நிகழும் வயதில்தான் அமைகிறது.

எண்ணிப் பார்ப்பதிலிருந்து தொடங்குதல்

முதல் பாடவேளையில் எந்தக் கருத்தையும் சொல்லாமல், குழந்தைகளை எண்ணச் சொல்லுங்கள். வகுப்பு நூலகத்தில் உள்ள கதைப் புத்தகங்களைச் சிறு குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொரு புத்தகத்திலும் முதன்மைப் பாத்திரம் யார், தலைப்பில் யாருடைய பெயர் இருக்கிறது, படங்களில் எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள் என்று ஒரு தாளில் குறிக்கச் செய்யுங்கள். எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களானால் இன்னொரு கட்டத்தையும் சேர்க்கலாம்: படத்தில் இருப்பவர் எதையாவது செய்துகொண்டிருக்கிறாரா, பிறர் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா? பெண்பாத்திரங்களின் எண்ணிக்கை ஓரளவு சமமாக உள்ள புத்தகங்களில்கூட, மரத்தில் ஏறுகிறவன் சிறுவனாகவும் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவள் சிறுமியாகவும் இருப்பதைக் குழந்தைகள் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இது ஆய்வாளர்கள் கையாண்ட முறைதான். லெனோர் வைட்ஸ்மனும் அவருடைய குழுவினரும் 1972இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் கால்டிகாட் விருதுப் பட்டியலில் ஐந்தாண்டுகளில் இடம்பெற்ற 18 படக்கதை நூல்களை எடுத்துக்கொண்டு எண்ணியபோது, ஆண்களின் படங்கள் 261, பெண்களின் படங்கள் 23 என்று வந்தது. 20ஆம் நூற்றாண்டு முழுவதிலும் வெளியான 5,618 அமெரிக்கச் சிறார் நூல்களை ஆராய்ந்து 2011இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, ஆண்டுக்குச் சராசரியாக 57 விழுக்காடு நூல்களில் ஆண்பாத்திரமும் 31 விழுக்காட்டில் பெண்பாத்திரமும் மையத்தில் இருந்ததாகக் கணக்கிட்டது. விலங்குகளை வைத்து எழுதப்பட்ட கதைகளில் இடைவெளி இன்னும் பெரிது என்பது அந்த ஆய்வில் கவனிக்க வேண்டிய செய்தி. விலங்குக் கதை எவருக்கும் பொதுவானது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இந்த எண்களை முன்கூட்டியே வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். குழந்தைகளின் தாள்களிலிருந்து வரும் கூட்டுத்தொகையைக் கரும்பலகையில் எழுதி, ‘இதைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது?’ என்று மட்டும் கேளுங்கள். தாங்களே எண்ணிக் கண்ட ஏற்றத்தாழ்வை அவர்கள் எளிதில் மறப்பதில்லை. ஒருவேளை உங்கள் அலமாரி ஓரளவு சமநிலையோடு இருந்தால், அதையும் உள்ளபடியே ஏற்றுக்கொண்டு, பேசும் வரிகளை எண்ணும் அடுத்த கணக்குக்குப் போகலாம்.

புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது

அமெரிக்கப் பேராசிரியர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதிய கட்டுரையொன்றில், சிறார் நூல் சில வேளை பிறருடைய வாழ்க்கையைக் காட்டும் சன்னலாகவும் சில வேளை தன்னையே காட்டும் கண்ணாடியாகவும் இருக்கிறது என்றார். அவர் மனத்தில் இருந்தவர்கள் முதன்மையாக இன அடிப்படையில் ஒதுக்கப்பட்ட குழந்தைகள். ஆனால் பாலினத்துக்கும் அந்தச் சிந்தனை பொருந்துகிறது. சிறுமிக்குத் தன்னைக் காணும் கதை வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். சிறுமியின் மனத்துக்குள் நுழைந்து பார்க்கும் கதை சிறுவனுக்கும் வேண்டும் என்பதை அவ்வளவாக நினைப்பதில்லை.

தேர்வில் இரண்டு பிழைகள் அடிக்கடி நிகழ்கின்றன. வாளேந்திய சிறுமி, மற்ற சிறுமியரையெல்லாம் அற்பமாக எண்ணி, ‘நான் அவர்களைப் போல இல்லை’ என்று சொல்லி வெல்லும் கதை ஒன்று. இதில் ஒருத்தி உயர்த்தப்படுகிறாள். மீதிப் பேர் தாழ்த்தப்படுகிறார்கள். சாதனைப் பெண்களின் வரலாற்றை மட்டுமே திரும்பத் திரும்பக் கொடுப்பது மற்றொன்று. அவ்வரலாறுகள் தேவையானவைதாம், ஆனால் சிறுவன் கதையில் சோம்பேறியாகவும் குறும்பனாகவும் கோழையாகவும் தோற்றுப்போகிறவனாகவும் இருக்கலாம், சிறுமி மட்டும் முன்மாதிரியாகவே இருந்தாக வேண்டும் என்றால், அதுவும் ஒருவகை ஏற்றத்தாழ்வுதான். தப்புச் செய்கிற, பொய் சொல்லி மாட்டிக்கொள்கிற, எந்தப் பாடமும் கற்றுக்கொள்ளாமல் கதை முடிவதற்குள் மறுபடியும் வம்புக்குப் போகிற சிறுமியரின் கதைகளைத் தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவற்றைக் குழந்தைகள் விரும்பிக் கேட்பார்கள் என்பது கூடுதல் வசதி.

உரக்க வாசிக்கும்போது

வாசிக்கத் தொடங்குவதற்கு முன் ஒரு படம் வரையச் சொல்வது நல்ல வழி. கதையில் மருத்துவரோ விஞ்ஞானியோ கப்பல் தலைவரோ வருவதாக இருந்தால், பெயரையும் பாலினத்தையும் சொல்லாமல் அந்தப் பாத்திரத்தை வரையச் சொல்லி, தாள்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டேவிட் சேம்பர்ஸ் 1983இல் வெளியிட்ட ஆய்வில் 4,807 குழந்தைகள் விஞ்ஞானியின் படத்தை வரைந்திருந்தார்கள். அவற்றில் பெண் விஞ்ஞானியின் படங்கள் 28 மட்டுமே, அந்த 28ஐயும் வரைந்தவர்கள் சிறுமியர். பிற்காலத்தில் அமெரிக்காவில் இந்த நிலை கணிசமாக மாறியதை 2018இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. உங்கள் வகுப்பில் எப்படி வருகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். தமிழில் ‘மருத்துவர் வந்தார், ஊசி போட்டார்’ என்று வாசிக்கும்போது வினைமுற்று பாலினத்தைக் காட்டிக்கொடுப்பதில்லை என்பதால், படம் வரையும் இந்தப் பயிற்சி நம் மொழிக்கு மிகவும் வசதியானது.

வாசிக்கும் குரலையும் கவனியுங்கள். சிறுமி பேசும் இடத்தில் குரலைக் கீச்சென்று ஒடுக்கி, அரசன் பேசும் இடத்தில் மட்டும் கம்பீரம் காட்டுவது நம்மில் பலருக்குப் பழக்கம். பாலினம் சொல்லப்படாத கரடியையும் முயலையும் ‘அவன்’ என்று சொல்லிவிடுவதும் அப்படியே. படக்கதைகளை வாசித்துக்காட்டிய தாய்மார்களை வைத்து 1987இல் செய்யப்பட்ட ஓர் ஆய்வில், பாலினம் தெளிவில்லாத பாத்திரங்களில் 95 விழுக்காட்டை அவர்கள் ஆணாகவே குறிப்பிட்டார்கள். தமிழில் ‘அது’ என்று சொல்லும் வழி இருக்கும்போது அதைப் பயன்படுத்தலாம். அல்லது இன்று ஆமையை ‘அவள்’ என்று வாசித்துவிட்டு, யாராவது கேட்கிறார்களா என்று பார்க்கலாம்.

கேள்விகளைப் பொறுத்தவரை, பிரிட்டிஷ் எழுத்தாளர் ஏய்டன் சேம்பர்ஸ் 1993இல் வகுத்துக் கொடுத்த எளிய முறை நெடுநாள் பயன்படும். உனக்கு எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, எது புரியாமல் புதிராக இருந்தது, எது திரும்பத் திரும்ப வருவதாகக் கண்டாய் என்ற நான்கே அவர் முதலில் கேட்கச் சொல்வன. பாலினம் குறித்த பேச்சு மூன்றாம், நான்காம் கேள்விகளில்தான் பெரும்பாலும் முளைக்கிறது. ‘ஏன்?’ என்று உடனே மடக்குவதை அவர் தவிர்க்கச் சொல்கிறார். ‘அதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லேன்’ என்பது குழந்தையை அச்சுறுத்துவதில்லை. கேட்டபின் காத்திருங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று நொடிகளாக நீட்டினால் விடைகள் நீளமாகவும் ஆழமாகவும் வருகின்றன என்றும் மேரி பட் ரோ 1970களில் கண்டறிந்தார். ஒரு நொடிக்குள் கத்திப் பதில் சொல்லும் குழந்தைக்கே வாய்ப்புப் போகும் வகுப்பில், சமத்துவத்தைப் பற்றிய எந்தக் கதையும் எடுபடாது.

ஒரு கதை, நான்கு முடிவுகள்

இரண்டு பாடவேளைகளில் நடத்தத்தக்க ஒரு பாடத்தைச் சற்று விரிவாகவே தருகிறேன். எல்லோரும் அறிந்த ‘சிவப்புத் தொப்பிச் சிறுமி’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாடவேளையில், பாட்டியின் உடையில் ஓநாய் படுத்திருக்கச் சிறுமி கட்டிலருகே வந்து நிற்கும் இடம்வரை சொல்லி நிறுத்திவிடுங்கள். ‘இனி என்ன நடக்கும்?’ என்பதை ஒவ்வொருவரும் இரண்டு வரிகளில் எழுதட்டும். தாள்களைச் சேகரித்து, அன்று மாலையே மூன்று கட்டுகளாகப் பிரியுங்கள்: சிறுமி தானே தப்புகிறாள், வேறொருவர் காப்பாற்றுகிறார், காப்பாற்ற யாரும் வரவில்லை. எந்தக் கட்டு பெரிது என்பது உங்கள் வகுப்பைப் பற்றி உங்களுக்குச் சொல்லும்.

இரண்டாம் பாடவேளையில், இந்தக் கதைக்கு உண்மையிலேயே வழங்கிய நான்கு முடிவுகளைச் சொல்லுங்கள். பிரான்சின் நாட்டுப்புறத்தில் 19ஆம் நூற்றாண்டில் பதிவான வாய்மொழி வடிவத்தில், சிறுமி வெளியே போய்வர வேண்டும் என்று சாக்குச் சொல்கிறாள். ஓநாய் அவள் காலில் ஒரு கயிற்றைக் கட்டி அனுப்புகிறது. அவள் அந்தக் கயிற்றை அவிழ்த்து ஒரு பிளம் மரத்தில் கட்டிவிட்டு ஓடித் தப்புகிறாள். சார்ல் பெரோ 1697இல் அச்சிட்ட வடிவத்தில் ஓநாய் அவளைத் தின்றுவிடுகிறது. இனிக்கப் பேசுவோரை நம்பக் கூடாது என்று இளம்பெண்களுக்கு ஓர் அறிவுரைப் பாடலும் இறுதியில் உண்டு. கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட வடிவத்தில் வேட்டைக்காரன் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்து மீட்கிறான். சிறுமி இனிப் பாதையை விட்டு விலகமாட்டேன் என்று உறுதி எடுத்துக்கொள்கிறாள். அதே கிரிம் நூலில் இன்னொரு முடிவும் ஒட்டாக வருகிறது: மறுபடி ஓர் ஓநாய் வரும்போது சிறுமி நேராகப் பாட்டியிடம் போய்ச் சொல்லிவிடுகிறாள், இருவரும் கதவைத் தாழிட்டுக்கொண்டு, இறைச்சி வேகவைத்த நீரைத் தொட்டியில் ஊற்றி வைக்கிறார்கள், கூரைமேல் காத்திருந்த ஓநாய் வாசனைக்கு எட்டிப்பார்த்துச் சறுக்கி விழுந்து மூழ்குகிறது. இந்தக் கதையைப் பிற்காலத்தில் சிறார்களுக்காகத் திரும்பச் சொன்ன நூல்களில் பெரும்பாலும் இந்தப் பகுதியைக் காண முடியாது. வாய்மொழி வடிவத்தில் குழந்தைகளுக்கு ஒவ்வாத கொடூரப் பகுதிகளும் இருப்பதால், கயிற்றுச் செய்தியை மட்டும் எடுத்துச் சொன்னால் போதும்.

நான்கையும் கரும்பலகையில் நான்கு பத்திகளாக எழுதியபின் பேச்சைத் தொடங்கலாம். எந்த முடிவில் சிறுமி யோசிக்கிறாள்? எந்த முடிவில் அவள் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை? பாட்டிக்கு எந்த முடிவில் வேலை இருக்கிறது? வேட்டைக்காரன் வரும் முடிவே உலகெங்கும் நிலைத்திருக்க, பாட்டியும் பேத்தியும் சேர்ந்து வென்ற முடிவு ஏன் மறைந்தது? தொப்பி அணிந்தது ஒரு சிறுவனாக இருந்தால் ‘பாதையை விட்டு விலகாதே’ என்ற அறிவுரையை அவனுக்குச் சொல்லியிருப்பார்களா, காட்டைச் சுற்றிப் பார்த்ததற்காகப் பாராட்டியிருப்பார்களா? கடைசிக் கேள்விக்கு வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடும்; தலையிடாதீர்கள். கதையை மனிதர்கள்தாம் மாற்றினார்கள், ஆகவே அது இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்பதில்லை என்பதைக் குழந்தை உணர்ந்துவிட்டால் இந்தப் பாடம் தன் வேலையைச் செய்துவிட்டது. இறுதியில் முதல் நாள் எழுதிய தாள்களைத் திருப்பிக் கொடுத்து, விரும்பினால் மாற்றி எழுதலாம் என்று சொல்லுங்கள். விரும்பாதவர்களை வற்புறுத்த வேண்டாம்.

பாத்திரங்களை மாற்றி எழுதுதல்

கதையொன்றின் ஒரு பக்கத்தை எடுத்து, ஆணைப் பெண்ணாகவும் பெண்ணை ஆணாகவும் மாற்றி எழுதச் செய்வது பலருக்கும் தெரிந்த பயிற்சி. தமிழில் பெயரை மட்டும் மாற்றினால் போதாது, ‘ஓடினான்’ ‘ஓடினாள்’ என ஒவ்வொரு வினைமுற்றும் மாற வேண்டியிருப்பதால், குழந்தை வரிக்கு வரி நின்று யோசிக்க நேர்கிறது; இலக்கணப் பாடமும் உடன் நடந்துவிடுகிறது. ‘இளவரசன் அழகிய கண்களில் நீர் ததும்பச் சன்னலருகே அமர்ந்திருந்தான்’ என்று படிக்கும்போது வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்பை அடக்காதீர்கள், அதையே கேள்வியாக்குங்கள். இளவரசி அமர்ந்திருந்தபோது நாம் ஏன் சிரிக்கவில்லை? ஆனால் சிரிப்பு வகுப்பில் உள்ள ஒரு குறிப்பிட்ட குழந்தையின் பக்கம் திரும்பினால், அக்கணமே பயிற்சியை வேறு பாத்திரத்துக்கு நகர்த்திவிட வேண்டும். மென்மையான இயல்புள்ள சிறுவனும், முரட்டு விளையாட்டை விரும்பும் சிறுமியும் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். எந்தச் சூழலிலும் அவர்களை எடுத்துக்காட்டாக நிறுத்தக் கூடாது.

மாற்றி எழுதுவதைவிடப் பயன் தருவது, பேசாத பாத்திரத்தைப் பேசவைப்பது. கதையின் ஓரத்தில் சமைத்துக்கொண்டே இருந்த அம்மா, தூங்கிக்கொண்டே இருந்த இளவரசி, போருக்குப் போக மனமில்லாத இளைய மகன் ஆகியோரில் ஒருவர் எழுதும் கடிதமாகவோ நாட்குறிப்பாகவோ ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். சிறுவர்களுக்குப் பெண்பாத்திரத்தையும் சிறுமியருக்கு ஆண்பாத்திரத்தையும் கட்டாயமாக ஒதுக்கிவிடாமல், சீட்டுக் குலுக்கிப் போட்டால் எதிர்ப்பு எழாது.

சிறுவர்களின் பங்கு

பாலினச் சமத்துவப் பாடம் என்றாலே சிறுவர்கள் நாற்காலியில் நெளிவதைக் காணலாம், ஏனெனில் தங்கள்மேல் குற்றம் சுமத்தப்படப்போகிறது என்று அவர்கள் முன்பே உணர்ந்துவிடுகிறார்கள். அந்த உணர்வைப் போக்காமல் மேலே போக முடியாது. ஆண்பிள்ளை அழக் கூடாது, பயப்படக் கூடாது, தம்பி தங்கையைக் கவனித்துக்கொள்வது அவன் வேலையன்று என்ற விதிகள் அவனையும் குறுக்குகின்றன என்பதைக் கதைகளின் வழியே காட்டலாம். நட்பை இழந்து வருந்தும் சிறுவன், நோயுற்ற தாத்தாவுக்குப் பணிவிடை செய்யும் சிறுவன், தோல்விக்குப் பின் பழிவாங்கக் கிளம்பாத சிறுவன் ஆகியோரின் கதைகள் குறைவாகவே கிடைக்கின்றன, கிடைக்கும்போது விடாதீர்கள்.

சிறுமி நாயகியாக உள்ள கதையைச் சிறுவர் படிக்கமாட்டார்கள் என்ற எண்ணத்தைப் பெரியவர்களே வளர்க்கிறார்கள். ஆண்பிள்ளைகளுக்கான புத்தகம், பெண்பிள்ளைகளுக்கான புத்தகம் என்று அலமாரியைப் பிரிக்காமல், விலங்கு, பயணம், மர்மம், நகைச்சுவை என்று பொருளால் பிரித்து வைத்தாலே பாதிச் சிக்கல் தீரும். இளஞ்சிவப்பு அட்டையைக் கையில் எடுக்கக் கூச்சப்படும் வயதினருக்கு, எல்லாப் புத்தகங்களுக்கும் பழுப்புத்தாள் உறை போட்டு, கதையின் முதல் வரியை மட்டும் மேலே எழுதி வைக்கலாம்.

தடைகள் வரும்போது

‘எங்கள் வீட்டில் அப்பா சமைக்கமாட்டார், அது அம்மா வேலை’ என்று ஒரு குழந்தை சொன்னால், அது தவறு என்று தீர்ப்புச் சொல்வது அக்குழந்தையின் பெற்றோரை வகுப்பின் முன் நிறுத்துவதாகும். ‘சில வீடுகளில் அப்படி, வேறு சில வீடுகளில் வேறு விதம், இந்தக் கதையில் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம்’ என்று பேச்சைக் கதைக்குத் திருப்புங்கள். கதையில் வரும் பாத்திரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் விமர்சிக்கலாம், யாருக்கும் காயமில்லை. சிறார் இலக்கியம் இந்தப் பொருளுக்கு ஏற்றதாக இருப்பதற்கு இதுவே முதல் காரணம் என்பேன். பெற்றோர் ஐயம் எழுப்பினால் விளக்கவுரை ஆற்றுவதைவிட, புத்தகத்தையும் குழந்தையின் கட்டுரையையும் வீட்டுக்கு அனுப்பிவைத்து அவர்களையே படிக்கச் சொல்வது நல்லது.

ஆசிரியரின் சொந்த நடத்தை இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் கெடுத்துவிடக் கூடியது. கதை முடிந்ததும் மேசையை நகர்த்தச் சிறுவர்களையும் தரையைப் பெருக்கச் சிறுமியரையும் அழைத்தால், அவர்கள் எந்தப் பாடத்தை நம்புவார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வேலைகளைச் சுழற்சி முறையில் ஒதுக்கிச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

மதிப்பிடுதல்

‘இக்கதையின் நீதி என்ன?’ என்று தேர்வில் கேட்டால் ஆணும் பெண்ணும் சமம் என்று எல்லோரும் எழுதி முழு மதிப்பெண் வாங்குவார்கள். அதிலிருந்து எதையும் அறிய முடியாது. அதற்கு மாறாக ஒரு குறிப்பேட்டில், நீங்கள் கேட்காமல் குழந்தைகள் தாமாகவே எழுப்பிய கேள்விகளைத் தேதியிட்டு எழுதிவாருங்கள். கணக்குப் பாடநூலின் வினாவில் கடைக்குப் போகிறவர்கள் எல்லாம் ஏன் பெண்களாகவே இருக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டால், அது கதைநேரத்துக்கு வெளியே கிடைத்த விடைத்தாள். பருவத் தொடக்கத்தில் வரைந்த படங்களைப் போலவே பருவ இறுதியில் வேறொரு தொழிலுக்கு வரையச் சொல்லி, இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மாற்றம் தெரியாத குழந்தைகளின் பெயர்களைத் தனியே குறித்துக்கொண்டு, அடுத்த பருவத்துக்கான கதைகளை அவர்கள் விரும்பிப் படிக்கும் வகையிலிருந்து தேர்ந்தெடுங்கள்.